பாறையின் முன் அரை மணி நேரம்



ஓர் ஓவியத்தையோ சிற்பத்தையோ எவ்வாறு பார்ப்பது, பார்த்தபின் அது நன்றா அன்றா என்பதை எதனைக் கொண்டு துணிவது என்பது பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச வந்துள்ளேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் வரலாறு கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். ஓவியனல்லன்; உளி பிடித்தவனும் அல்லன். எனக்கு வரைய வருவதெல்லாம் கரும்பலகையில் இந்திய நாட்டின் எல்லைக்கோடு ஒன்றே. அதிலும் இலங்கை எப்போதும் சற்றுப் பெரிதாகிவிடும். ஆகவே கலை நுட்பங்களை வகுத்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்கத் தவறியவன் என்னும் தகுதி உண்டு. அக்கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1988ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைச் சுற்றுலாவாக மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றேன். என் கையில் ஒரு கடிகாரம். சட்டைப் பையில் ஒரு காகிதம். ஐந்து இரதங்களுக்கு இருபது நிமிடம், கடற்கரைக் கோயிலுக்கு இருபது நிமிடம், பெரும்பாறைச் சிற்பத்திற்குப் பத்து நிமிடம் என்று அதில் குறித்திருந்தேன். அந்தப் பாறையின் முன் நாங்கள் சென்று நின்றபோது நண்பகல். மாணவர்களை வரிசையாக நிறுத்தி, "இதுதான் அருச்சுனன் தவம். ஏழாம் நூற்றாண்டு. பல்லவர் காலம். எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். அனைவரும் எழுதிக்கொண்டார்கள். எழுதும்போது எல்லோருடைய தலையும் குனிந்திருந்தது. என் தலை கடிகாரத்தை நோக்கிக் குனிந்திருந்தது. ஒருவன் மட்டும் எழுதாமல் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

புறப்படும் நேரத்தில் அவனைக் காணவில்லை. தேடிச் சென்றபோது பாறைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான். கண்டித்தேன். அவன் எழுந்து, "ஐயா, இதில் இருக்கிற எல்லாரும் நடுவில் இருக்கிற பிளவைப் பார்த்துத்தான் வருகிறார்கள். தவம் செய்கிறவரை யாருமே பார்க்கவில்லையே" என்றான். "பாடத்தில் உள்ளதைப் படி, தம்பி. பேருந்து காத்திருக்கிறது" என்றேன். அவ்வளவுதான் அன்று நடந்தது.

ஆனால் அதோடு நிற்கவில்லை. அந்த ஆண்டுத் தேர்வில் மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுக என்று ஒரு வினா கேட்டிருந்தேன். அவன் எழுதினான்: பாறையின் நடுவிலுள்ள பிளவில் நாகர்கள் மேலெழுந்து வருகிறார்கள், இருபுறமும் உள்ள உயிர்கள் எல்லாம் அதை நோக்கி விரைகின்றன, ஆதலால் அங்கே ஆறு ஒன்று இறங்கியிருக்க வேண்டும், தவம் செய்பவர் அந்த ஆற்றை வேண்டியே தவம் செய்திருக்க வேண்டும் என்று. சிவப்பு மையால் அதன் குறுக்கே கோடிட்டு, 'தவறு. அருச்சுனன் தவம்' என்று எழுதி, ஐந்துக்கு ஒரு மதிப்பெண் இட்டேன். அந்த ஒன்றும் கையெழுத்துக்காக.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில் பல்லவர் கலை பற்றிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அச்சிற்பம் அருச்சுனன் தவமன்று; பகீரதன் தவமிருந்து கங்கையை மண்ணுக்குக் கொணர்ந்த காட்சியே என்று விக்டர் கொலுபேவ் என்னும் அறிஞர் 1914ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மொழியில் கட்டுரை எழுதியிருக்கிறார். நான் அடித்த விடைக்கு அப்போது வயது எழுபத்து நான்கு! கொலுபேவின் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு சிறுவன், அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததனால் மட்டுமே அம்முடிவுக்கு வந்திருந்தான். நானோ புத்தகத்தைப் பார்த்தவன், பாறையைப் பார்க்கவில்லை.

பணி ஓய்வு பெற்றபின் ஒரு நாள் தனியே மாமல்லபுரம் சென்றேன். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுச் சென்றேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் அது கையில்தான் இருந்தது. காலை வேளை. அந்தப் பாறை கிழக்கு நோக்கியது. புடைப்புச் சிற்பத்திற்கு வெளிச்சமே உயிர். உச்சி வெயிலில் தட்டையாகத் தோன்றும் உருவங்கள், சாய்ந்த காலைக் கதிரில் ஒவ்வொன்றாகப் பாறையை விட்டு வெளியே வருகின்றன. முதல் பாடம் அங்கேயே கிடைத்தது: எந்தச் சிற்பத்தையும் ஒரு வேளையில் மட்டும் பார்த்துவிட்டுப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது.

இனி அப்பாறையைச் சற்று விரிவாகக் காண்போம். அருகருகே நிற்கும் இரு பெரும் பாறைகள். இடையே இயற்கையாக அமைந்த ஒரு பிளவு. மொத்தம் ஏறத்தாழ 30 மீட்டர் நீளம்; உயரம் அதில் பாதிக்குள் அடங்கும். அதில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். பிளவின் இடப்பக்கம் மேற்பகுதியில் ஒரு துறவி ஒற்றைக்காலில் நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அவ்வளவு மெலிந்த உடல். அவருக்கு அருகே நான்கு கைகளோடு சிவபெருமான், ஒரு கையைத் தாழ்த்தி வரமளிக்கும் நிலையில் நிற்கிறார். சுற்றிலும் குள்ளமான பூதகணங்கள். கீழே ஒரு சிறு கோயில், உள்ளே திருமால். கோயிலின்முன் முனிவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அதற்கும் கீழே ஆற்றங்கரை வாழ்க்கை: ஒருவர் நனைந்த துணியைப் பிழிகிறார், ஒருவர் நீர்க்குடத்தைச் சுமந்து வருகிறார், ஒருவர் விரல்களைக் கோத்து அவற்றின் இடைவெளி வழியே ஞாயிற்றை நோக்குகிறார். வலப்பக்கம் அடியில், பாறையையே நிறைத்துக்கொண்டு யானைகள். பெரிய ஆண் யானையின் காலடியில் குட்டிகள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. பிளவினுள் நாகராசனும் நாகினியும் கைகூப்பியவாறு மேலெழுகின்றனர்.

மேலே தேவர்கள் பறந்து வருகிறார்கள். இங்கே சற்று நில்லுங்கள். அவர்களுக்குச் சிறகு உண்டா? இல்லை. கிந்நரர்களுக்குப் பறவைக் கால்கள் உண்டு. தேவர்களுக்கோ சிறகே கிடையாது. பின் எவ்வாறு அவர்கள் பறப்பதாக நமக்குத் தோன்றுகிறது? ஒரு காலைப் பின்னுக்கு மடித்து, உடலைச் சற்று முன்னே சாய்த்து விட்டான் சிற்பி, அவ்வளவே. எடை என்பதே கருங்கல்லின் இயல்பு. அந்தக் கருங்கல்லில் எடையற்ற உடலைக் காட்டியிருக்கிறான். நேர் கீழே, அதே கல்லில், யானையின் எடையையும் காட்டியிருக்கிறான். ஒரே பாறை, ஒரே உளி. மேலே காற்று, கீழே மலை. இதைக் கண்டுகொண்டவனுக்குச் சிற்பம் 'நன்றாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. எது நன்றாக இருக்கிறது, எதனால் என்று விரல் நீட்டிக் காட்டலாம். மதிப்பிடுதல் என்பது அந்த விரல் நீட்டலில்தான் தொடங்குகிறது.

இப்போது பழைய வழக்கிற்கு வருவோம். யார் சொன்னது சரி? அருச்சுனன் என்பார் பக்கம் வலுவில்லாமல் இல்லை. சிவனிடம் பாசுபதம் வேண்டி அருச்சுனன் தவமிருந்த கதை பாரவியின் கிராதார்ச்சுனீயத்தால் புகழ்பெற்றது. சிற்பத்தில் வில்லேந்திய வேடர்களும் இருக்கின்றனர்; சிவபெருமானோ படைக்கலத்தோடு நிற்கிறார். ஆனால் அக்கதையின் உயிர்நிலை எது? வேடனாக வந்த சிவன், இருவரும் எய்த பன்றி, அதற்காக நிகழ்ந்த போர். அவை எவையும் இங்கே காட்சியின் நடுவில் இல்லை. நடுவில் இருப்பது பிளவு. கங்கை என்பார் பக்கமோ அந்தப் பிளவையும் நாகர்களையும் சான்றாகக் காட்டுகிறது. பாறையின் உச்சியில் நீர்த்தொட்டி அமைத்திருந்த அடையாளமும் உண்டு. விழாக் காலங்களில் அங்கிருந்து மெய்யாகவே நீரைப் பிளவின் வழியே விழச் செய்திருக்கலாம் என்பர். நாகர்களின் மேல் நீர் வழிய, காலைக் கதிர் அதில் பட, எதிரே மக்கள் நிற்க, அக்காட்சியை எண்ணிப் பாருங்கள். எனினும் இப்பக்கத்திற்கும் ஓர் இடர் இருக்கிறது. விழும் கங்கையைச் சிவன் தன் சடையில் அல்லவா தாங்க வேண்டும்? இங்கே அவர் பிளவின் அடியில் இல்லை, பக்கத்தில் நிற்கிறார்.

1994ஆம் ஆண்டில் பத்மா கைமல் என்னும் ஆராய்ச்சியாளர், இந்த ஈரடித் தன்மையே சிற்பத்தின் நோக்கம், இரு கதைகளுக்கும் இடந்தருமாறு வேண்டுமென்றே அமைத்தனர் என்று வாதிட்டார். சிலேடை என்பது நம் புலவர்களுக்குப் புதிதன்று. ஒரே செய்யுளில் இரு பொருளை வைப்பார்கள். சொல்லில் இயன்றது கல்லில் ஏன் இயலாது? எனக்கு இக்கருத்தே பெரிதும் உவப்பாக இருக்கிறது. நீங்கள் உடன்பட வேண்டுமென்பதில்லை. ஆனால் எந்தக் கருத்தைக் கொண்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவ்வுருவங்களுள் பெரும்பாலானவை பிளவை நோக்கியே வருகின்றன என்பது கருத்தன்று. கண்ணால் காணும் செய்தி. அச்செய்தியை விளக்காத எந்த விளக்கமும் முழுமையான விளக்கமாகாது. என் மாணவன் கண்ட முடிவு சரியோ தவறோ, அவன் கண்டது சரி. நான் அடித்தது அதைத்தான்.

அப்படியானால் படிப்பே வேண்டாமா, கண் ஒன்றே போதுமா என்று கேட்பீர்கள். போதாது. வலப்பக்கத்து யானையின் அருகே ஒரு பூனை இருக்கிறது. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறது! அதன் அடியில் எலிகள். பார்த்தவுடன் சிரிப்பு வரும். கண் அவ்வளவே தரும். மகாபாரதத்து உத்தியோக பருவத்தில், கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவசியாக நடித்து, நம்பி வந்த எலிகளைத் தின்ற பூனையின் கதை வருகிறது என்று அறிந்தவனுக்கு அந்தச் சிரிப்பு இரட்டிக்கும். பின்பு அவன் மறுபடியும் மேலே பார்ப்பான். அங்கே உண்மைத் தவசி. இங்கே போலித் தவசி. இருவர் கைகளும் ஒரே நிலை. ஒரு பேரரசின் பெருஞ்செயலில், தவத்தையே போற்றும் ஒரு காட்சியில், தவத்தைப் பகடி செய்ய ஒரு மூலையை ஒதுக்கிய அந்தச் சிற்பியின் நெஞ்சுரத்தை என்னென்பது! கண் முதலில் செல்ல வேண்டும்; கல்வி பின்னே வர வேண்டும்; வந்த கல்வி கண்ணை மீண்டும் பாறைக்கே அனுப்ப வேண்டும். கல்வி முந்திக்கொண்டால் என் கதைதான்.

கண்ணும் கல்வியும் இருந்தும், கையில் தவறான அளவுகோல் இருந்தால் என்னாகும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1910ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் மாநகரில் ஒரு கூட்டம். சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் பணியாற்றிய ஹாவெல் என்பார் இந்தியக் கலை பற்றிப் பேசினார். தலைமை வகித்தவர் சர் ஜார்ஜ் பேர்டுவுட். இவர் இந்தியாவை அறியாதவர் அல்லர். நம் நாட்டுத் துணி, கம்பளம், பித்தளை வேலை முதலிய கைத்தொழில்களைப் போற்றி 1880இலேயே நூல் எழுதியவர். ஆனால் நுண்கலை என்று சொல்லத்தக்க சிற்பமும் ஓவியமும் இந்தியாவில் இல்லை என்பது அவர் துணிபு. சாவகத்துப் புத்தர் சிலை ஒன்றின் நிழற்படத்தைச் சுட்டி, அமைதிக்குச் சின்னம் வேண்டுமென்றால் கொழுப்பிட்டு அவித்த மாவுப் பிண்டமே போதுமே என்னும் பொருள்படப் பேசிவிட்டார். அடுத்த மாதமே வில்லியம் ரோதன்ஸ்டைன் உள்ளிட்ட பதின்மூவர் அதனை மறுத்து 'டைம்ஸ்' இதழில் மடல் வெளியிட்டனர்.

பேர்டுவுட் எங்கே தவறினார்? கிரேக்கச் சிலைகளில் தசை திரண்டிருக்கும், நரம்பு புடைத்திருக்கும். அவற்றைக் கொண்டு பழகிய கண், புத்தர் மேனியில் அவற்றைத் தேடியது. காணாமையால் பிண்டம் என்றது. புத்தரைச் செதுக்கியவன் தசையைக் காட்டத் தெரியாதவன் அல்லன்; காட்ட விரும்பாதவன். ஓடுவதற்கும் மற்போருக்கும் உரிய உடலன்று அது. மூச்சு அடங்கிய உடல். ஆகவே ஒரு கலைப்பொருளின்முன் நின்று முதலில் கேட்க வேண்டியது, 'இதில் என்ன இல்லை?' என்பதன்று, 'இவன் எதைச் செய்ய முற்பட்டான்?' என்பதே. முற்பட்டதைச் செய்தானா என்பது அடுத்த வினா. முற்பட்டது முயலத்தக்கதா என்பது மூன்றாவது. அதுவே மிகக் கடினம்.

இதற்கு மறுதலையாக ஒருவரையும் சொல்ல வேண்டும். ஓகுஸ்த் ரொதேன் என்னும் பிரெஞ்சுச் சிற்பி சென்னை அருங்காட்சியகத்து நடராசர் திருமேனிகளை நேரில் கண்டவரல்லர். நிழற்படங்களை மட்டுமே கண்டார். சைவ சித்தாந்தம் அறியார், ஐந்தொழில் அறியார். ஆயினும் வெண்கலத்தில் உயிர் ஓடுவதை அந்த நிழற்படங்களிலேயே கண்டு வியந்து எழுதினார். 1917இல் அவர் மறைந்தபின், 1921இல் அக்கட்டுரை வெளிவந்தது. அதே நூலில் கொலுபேவின் எழுத்தும் இடம்பெற்றிருந்தது. பேர்டுவுட் கண்டதும் நிழற்படம். ரொதேன் கண்டதும் நிழற்படம். ரொதேன் வாழ்நாள் முழுதும் களிமண்ணைப் பிசைந்த கையோடு பார்த்தார். கையால் ஒன்றைச் செய்து பார்த்தவன் பிறர் கைவேலையை விரைவில் அறிகிறான். நீங்கள் நன்றாக வரையாவிட்டாலும் ஒரு யானையை வரைந்து பாருங்கள். பிறகு மாமல்லபுரத்து யானையின் நெற்றியைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். நான் முயன்று பார்த்தேன். என் யானைக்கு முழங்கால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பேர்டுவுட்டைக் குறை கூறியதால், பழையதெல்லாம் பெரிது, நம்முடையதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அதுவும் ஒரு பொய்யான அளவுகோலே. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் வெட்டிய சங்கிலி தொங்குகிறது. வழிகாட்டிகள் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். காண்போர் வாய்பிளந்து நிற்பார்கள். நானும் நின்றேன். கைத்திறம் வியக்கத்தக்கதே. ஆனால் ஒரு முறை வியந்தபின் அதைப் பார்க்க மறுமுறை செல்ல என் மனம் விரும்பவில்லை. அது தன் செய்தி முழுவதையும் முதல் முறையிலேயே சொல்லி முடித்துவிட்டது. மாமல்லபுரத்தில் பெரும்பாறைக்கு அருகே தனிக்கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. ஒன்று மற்றொன்றின் தலையில் பேன் பார்க்கிறது. குட்டி பால் குடிக்கிறது. பளபளப்பில்லை, நுணுக்கமில்லை. அதன்முன் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்பேன். இது என் மதிப்பீடு. கற்சங்கிலியே உயர்ந்தது என்று உங்களில் ஒருவர் காரணம் காட்டி வாதிட்டால் மகிழ்ச்சியோடு கேட்பேன். சிவப்பு மையை எடுக்கமாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. அதே ஊரின் தென்பகுதியில் இதே தவக்காட்சியை மற்றொரு பாறையில் செதுக்கத் தொடங்கி, முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். சுற்றுலா வருவோர் பெரும்பாலும் அங்கே செல்வதில்லை. முடிந்ததைப் பார்த்துவிட்டு அங்கே செல்லுங்கள். உருவம் எவ்வாறு பாறைக்குள்ளிருந்து படிப்படியாக மீட்கப்படுகிறது என்பதைக் காணலாம். ஓவியன் தவறினால் மேலே ஒரு வண்ணம் பூசி மறைப்பான். கல்லில் எடுத்தது எடுத்ததுதான், ஒட்டவைக்க இயலாது. அந்த யானையின் தும்பிக்கையைச் செதுக்கியபோது ஒரு விரற்கடை மிகுதியாகப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணினால், முடிந்த பாறையின் அமைதி நமக்கு வேறு விதமாகப் புலப்படும்.

1984ஆம் ஆண்டில் மாமல்லபுரச் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கூட்டம் மிகுதி. நான் அமர்ந்திருந்த காலைப்பொழுதில் பலர் வந்தனர். பாறைக்கு முதுகைக் காட்டி நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு சென்றனர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய நான் அன்று மாணவர்களுக்குக் கொடுத்த நேரமே. நீங்கள் செல்லும்போது அறிவிப்புப் பலகையைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் இடப்பக்கக் கோயிலுக்குக் கீழே, பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் ஒரு மான் இருக்கிறது, அதைத் தேடுங்கள். தேடும்போது வேறு பலவும் கண்ணில் படும். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள் பின்னால் வரட்டும்.

அந்த மாணவனைப் பற்றிக் கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்குமுன் தன் மகளின் திருமண அழைப்போடு என் வீட்டிற்கு வந்தான், இல்லை, வந்தார். தலை நரைத்திருந்தது. தேநீர் அருந்தி முடிக்கும்வரை காத்திருந்து, அந்த விடைத்தாள் கதையைச் சொல்லி, அன்று நான் செய்தது பிழை என்றேன். எத்தனையோ ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த செய்தி. அவர் சற்று நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"அப்படியா ஐயா? எனக்கு அந்தத் தேர்வே நினைவில்லை" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பூனை இப்போதும் அங்கே நிற்கிறதா?"